எபோலிக்கு அப்பால்: கார்லோ லேவியும் தென் இத்தாலியும்

நேப்பிள்ஸ் நகரின் தெற்கே சலேர்னோக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் வீதியும் இருப்புப்பாதையும் எபோலி என்னும் பட்டினத்தளவில் கடலைவிட்டு விலகி, லுக்கானியாவின் வறண்ட மலைகளை நோக்கித் திரும்புகின்றன. அம்மலைகளில் வாழ்ந்த குடியானவரிடையே ஒரு கூற்று வழங்கியது. கிறிஸ்து எபோலியுடன் நின்றுவிட்டார், தம்மிடம் வரவில்லை என்பதே அது. அவர்களது பேச்சுவழக்கில் 'கிறிஸ்தவன்' என்ற சொல்லுக்கு 'மனிதன்' என்பதே பொருளாதலால், தாம் மனிதராகக் கணிக்கப்படவில்லை என்பதையே அவர்கள் அவ்வாறு கூறினர். இக்கூற்றினையே தலைப்பாகக் கொண்டு 1945 இல் வெளிவந்த நூல், அதன் ஆசிரியரான கார்லோ லேவியை உலகறிந்த எழுத்தாளராக்கியது. மருத்துவம் பயின்றவர், ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவர், பாசிச எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர், பிற்காலத்திற் செனற் சபையில் அமர்ந்தவர் எனப் பல முகங்கள் அவருக்கிருந்தன. எனினும், லுக்கானியாவில் அவர் கழித்த பத்து மாதங்களுக்கும் குறைவான காலமே அவரது எஞ்சிய வாழ்வு முழுவதையும் நிர்ணயித்தது எனலாம்.

லேவி 1902 நவம்பர் 29 இல் வட இத்தாலியின் கைத்தொழில் நகரான தூரினில் வசதிவாய்ந்த யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தாயாரின் உடன்பிறந்தவரான கிளாவுடியோ திரேவெஸ் இத்தாலிய சோசலிஸ்டுகளின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். ஆகவே அரசியல் என்பது லேவிக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்த கல்வி. 1924 இல் தூரின் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், சில ஆண்டுகள் அப்பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார். ஆயின் ஓவியமே அவரைப் பெரிதும் ஈர்த்தது. பெலிச்சே கசொராத்தியின் சூழலில் வளர்ந்த அவர், 1929 இல் 'தூரின் அறுவர்' எனப் பெயர்பெற்ற ஓவியர் குழுவில் ஒருவராக விளங்கினார். உரோமின் பழம்பெருமையைப் பேசும் அரசாங்கக் கலையைப் புறக்கணித்து, பிரெஞ்சு ஓவிய மரபினை நோக்கித் திரும்பிய இக்குழுவினரின் செயல் அக்கால இத்தாலியில் வெறும் அழகியல் விவகாரமாக மட்டும் இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

லேவியின் சிந்தனையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் பியெரோ கொபெத்தி. தொழிலாளர் இயக்கத்திலிருந்து புதியதொரு தாராண்மைவாதம் பிறக்கவேண்டுமெனக் கருதிய இவ்விளைஞர் 1922 இல் 'தாராண்மைப் புரட்சி' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பாசிசக் குண்டர்களின் தாக்குதலுக்கு இலக்காகிய அவர், 1926 பெப்ரவரியில் பாரிஸ் நகரில் இருபத்துநான்கு வயதிலேயே மரணமானார். தென் இத்தாலியின் நிலைமையை நாட்டின் அடிப்படைப் பிரச்சினையாக நோக்கும் மனப்பாங்கும் இவ்வட்டத்தினரிடையேதான் லேவிக்கு அறிமுகமாயிற்று. குய்தோ டோர்சோவின் 'தெற்கின் புரட்சி' என்ற நூலை 1925 இல் வெளியிட்டவர் கொபெத்தியே. அந்தோனியோ கிராம்சி 1926 இல் தாம் கைதுசெய்யப்படுவதற்குச் சற்று முன்னர் தென்பகுதிப் பிரச்சினை குறித்து எழுதிய கட்டுரையிற் கொபெத்தியைப் பாராட்டிப் பேசுவதையும் காணலாம்.

'தென்பகுதிப் பிரச்சினை' என்பதனை இங்குச் சிறிது விளக்குதல் வேண்டும். 1861 இல் இத்தாலி ஒரே இராச்சியமாக்கப்பட்டபொழுது தெற்கின் குடியானவர் நிலம் கிடைக்குமென எதிர்பார்த்தனர். கிடைத்தவையோ புதிய வரிகளும் கட்டாய இராணுவ சேவையுமாகும். பெருநிலக்கிழார்களின் ஆதிக்கம் குலையவில்லை. பொதுநிலங்களும் திருச்சபையின் நிலங்களும் பெரும்பாலும் வசதிபடைத்தோர் கைக்கே சென்றன. 1860 களில் லுக்கானியாவிலும் அண்டைப் பகுதிகளிலும் குடியானவர் ஆயுதமேந்திக் காடேறியதை அரசு 'கொள்ளையர் கலகம்' எனப் பெயரிட்டு, 1863 இன் பீக்கா சட்டத்தின் துணையுடன் இராணுவத்தைக் கொண்டு நசுக்கியது. அதன்பின் எஞ்சியிருந்த ஒரே வழி கப்பலேறுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலிருந்து இலட்சக்கணக்கான தென்னவர் அமெரிக்கக் கண்டத்தை நோக்கிப் புறப்பட்டனர். இவற்றையெல்லாம் தூரினின் இளைஞர்கள் நூல்கள் வாயிலாக அறிந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் அவற்றை நேரிற் காண நேர்ந்தது பாசிசப் பொலிசாரின் கைங்கரியமேயாகும்.

1929 இல் கார்லோ ரொசெல்லியும் பிறரும் பாரிசில் நிறுவிய 'நீதியும் சுதந்திரமும்' என்ற இயக்கத்தின் தூரின் கிளையில் லேவி முக்கிய பங்கேற்றார். 1934 மார்ச்சில் சுவிற்சர்லாந்து எல்லையிலுள்ள பொந்தே திரேசாவில் பிரசுரங்களுடன் வந்த இயக்கத்தினர் பிடிபட்டதைத் தொடர்ந்து லேவியும் லியோனே கின்ஸ்பேர்க்கும் கைதாயினர். பிடிபட்டோருட் பலர் யூதர் என்பதைப் பத்திரிகைகள் விசேடமாக எடுத்துக்காட்டின. இன ஒதுக்கற் சட்டங்களுக்கு நான்காண்டுகள் முன்னரே இக்குரல் எழுந்தமை கவனிக்கத்தக்கது. விடுவிக்கப்பட்ட லேவி 1935 மே 15 இல் மீண்டுங் கைதானார். பித்திகிரில்லி என்ற புனைபெயரிற் புகழ்பெற்றிருந்த நாவலாசிரியர் அரசின் ஒற்றராக நண்பர்களிடையே உலவி வழங்கிய தகவல்களே இக்கைதுகளுக்கு வழிவகுத்தன. அன்று பிடிக்கப்பட்டவர்களுள் எழுத்தாளர் செசாரே பவேசேயும் பதிப்பாளர் ஜூலியோ ஐனாவுடியும் இருந்தனர். பத்தாண்டுகளின் பின்னர் லேவியின் நூலை வெளியிட்டவர் இதே ஐனாவுடிதான்.

பாசிச அரசு தன் எதிரிகள் எல்லோரையும் நீதிமன்றத்தின் முன் நிறுத்தவில்லை. 1926 இன் விசேட சட்டங்களின்படி, விசாரணையின்றியே ஒருவரைத் தொலைதூரத் தீவொன்றுக்கோ மலைக்கிராமமொன்றுக்கோ அனுப்பி அங்கேயே தங்கியிருக்கும்படி கட்டளையிட முடிந்தது. அவ்வாறு அனுப்பப்பட்டவர் ஊரெல்லையைத் தாண்டலாகாது. அவரது கடிதங்கள் படித்துப் பார்க்கப்படும். ஊரதிகாரியின் முன்னிலையில் அவர் தவறாது தோன்றுதல் வேண்டும். லேவி 1935 ஓகஸ்டில் லுக்கானியாவிலுள்ள கிரசானோவுக்கும், செப்ரெம்பரில் அதனிலும் ஒதுங்கிய அலியானோவுக்கும் அனுப்பப்பட்டார். வெண்களிமண் சரிவுகளின் உச்சியில் அமைந்திருந்த இக்கிராமமே அவரது நூலிற் 'கலியானோ' என்ற பெயரில் இடம்பெறுகின்றது.

அலியானோவில் லேவி கால்வைத்த அன்றே, வடக்கிலிருந்து வைத்தியர் ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தி பரவிக் குடியானவர் அவரைத் தேடி வந்தனர். மலேரியாவால் இறக்குந் தறுவாயில் ஒருவர் கிடந்தார். பல ஆண்டுகளாக மருத்துவத்தைக் கைவிட்டிருந்த லேவி தயங்கியபோதும் அவர்களது வேண்டுகோளைத் தட்டமுடியவில்லை. நோயாளி பிழைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரது வாசலில் நோயாளர் கூட்டம் ஓயவேயில்லை. ஊரில் ஏற்கெனவே இரு வைத்தியர்கள் இருந்தனர். ஒருவர் முதுமையாற் கற்றதை மறந்தவர். மற்றவர் குடியானவரைக் கசக்கிப் பிழிவதையே தொழிலாகக் கொண்டவர். நூலில் இவ்விருவரும் ஏளனத்துக்குள்ளாவது உண்மையே. எனினும், அவ்வூரின் நோய் அவ்விருவரது திறமையின்மையால் விளைந்ததன்று என்பதை லேவி தெளிவாகவே கண்டார். காடுகள் அழிக்கப்பட்டு மண் சரிந்து, ஆற்றுப்படுகைகள் நுளம்பின் இருப்பிடமாகின. நிலமில்லாதவன் விடியுமுன் எழுந்து மணிக்கணக்காக நடந்து அந்நோய் மிகுந்த பள்ளத்தாக்கிலேயே வேலைசெய்ய வேண்டியிருந்தது. குயினைன் என்ற மருந்தை அரசு விநியோகிக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், நோயின் வேர் நிலவுடைமையிலிருந்தமையால் மருந்து மட்டும் போதவில்லை.

குடியானவரின் மந்திர நம்பிக்கைகளை லேவி எதிர்கொண்ட விதமும் குறிப்பிடத்தக்கது. கழுத்திலே தாயத்துக் கட்டியபடி வந்தவர்களிடம் அதனைக் கழற்றும்படி அவர் கூறவில்லை. தமது மருந்தினையும் ஒருவகை மந்திரமாகவே அவர்கள் ஏற்கின்றனர் என்பதை உணர்ந்து, ஒன்றுடனொன்று மோதாமல் இரண்டும் அருகருகே இருக்கவிட்டார். பகுத்தறிவுவாதத்திற் பயின்ற தூரின் மருத்துவர் ஒருவரிடம் இப்பொறுமை எதிர்பார்க்கத்தக்க ஒன்றன்று.

மத்தேராவிலுள்ள பொலிஸ் மேலிடம் சில மாதங்களின் பின் லேவி வைத்தியம் பார்ப்பதைத் தடைசெய்தது. அதன் விளைவு நூலின் மிகவும் கனத்த பக்கங்களிற் பதிவாகியுள்ளது. கிராமத்துக்கு வெளியே பந்தானோ என்ற இடத்திலிருந்த பண்ணையில் ஒருவர் கடும் வயிற்றுவலியால் துடித்தார். ஊரெல்லையைத் தாண்டி அங்குச் செல்ல லேவிக்கு அனுமதி தேவைப்பட்டது. ஊர்த்தலைவரோ பொறுப்பேற்க அஞ்சிக் காலங்கடத்தினார். இறுதியில் லேவி அங்குப் போய்ச் சேர்ந்தபொழுது குடல்வால் வெடித்து நிலைமை கைமீறிப் போயிருந்தது. அன்றிரவை அவர் அம்மனிதனின் படுக்கையருகிலேயே கழித்தார். மரணச் செய்தி ஊருக்கு எட்டியதும் குடியானவர் கொதித்தெழுந்தனர். முன்னோர் போன்று துப்பாக்கியுடன் புறப்படவும் சிலர் முனைந்தனர். அது அவர்களுக்கே அழிவைத் தருமென லேவி தடுத்தார். அதன்பின் அவர்கள் செய்தது வியப்பிற்குரியது. தாமாகவே ஒரு நாடகத்தை ஆக்கி வீதியில் ஆடினர். வெள்ளுடை தரித்த வைத்தியன் நோயாளியைக் காக்க வருகிறான், உரோமின் பெயரால் வரும் கருநிறத்தான் அவனை விரட்டுகிறான், நோயாளி இறக்கிறான். எழுத்தறியாத மக்கள் அரசைப் பற்றி இதனிலும் சுருக்கமாகக் கூறியிருக்க முடியாது.

கலியானோவில் ஆயிரத்து இருநூறு பேர் வாழ்ந்தனர் என்றும், அமெரிக்காவிலோ கலியானோக்காரர் இரண்டாயிரம் பேர் இருந்தனர் என்றும் லேவி எழுதுகின்றார். குடிசைகளின் சுவர்களில் விஜ்ஜியானோ மாதாவின் கரிய முகமும் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் படமும் அருகருகே தொங்கின. இத்தாலிய மன்னரின் படமோ முசோலினியின் படமோ எங்குமில்லை. குடியானவரின் தலைநகர் உரோமன்று, நியூயோர்க்கே என்ற அவரது கூற்று இதனடிப்படையிலேயே எழுந்தது. 1935 ஒக்டோபரில் முசோலினி எதியோப்பியாமீது தொடுத்த போரையும் அவர்கள் தமக்குத் தொடர்பற்ற ஒன்றாகவே நோக்கினர். 1936 மே மாதத்தில் அடிஸ் அபாபா வீழ்ந்ததைக் கொண்டாடும் முகமாக அரசியற் கைதிகள் சிலருக்கு விடுதலை வழங்கப்பட்டபோது லேவியும் விடுவிக்கப்பட்டார். ஆபிரிக்க நாடொன்று சுதந்திரம் இழந்தமையே பாசிச எதிர்ப்பாளர் ஒருவரின் விடுதலைக்குக் காரணமாயிற்று.

இனி அடுத்த சில ஆண்டுகளைச் சுருக்கமாகவே நோக்கலாம். 1937 யூனில் கார்லோ ரொசெல்லியும் அவரது சகோதரரும் பிரான்சிற் கொலை செய்யப்பட்டனர். 1938 இல் யூதருக்கெதிரான சட்டங்கள் வந்தன. லேவி 1939 இற் பிரான்சுக்குச் சென்று, போர் மூண்ட வேளையில் 'சுதந்திரத்தின் மீதான அச்சம்' என்ற நூலை எழுதினார். இது 1946 வரை வெளிவரவில்லை. 1941 இல் இத்தாலிக்கு மீண்ட அவர் 1943 இல் மீண்டுங் கைதாகி, யூலை 25 இல் முசோலினி வீழ்ந்தபின் வெளிவந்தார். விரைவிலேயே ஜேர்மன் படைகள் புளோரன்ஸ் நகரைக் கைப்பற்றின. பித்தி மாளிகைக்கு எதிரேயிருந்த வீடொன்றில் ஒளிந்திருந்தபடி, 1943 டிசம்பருக்கும் 1944 யூலைக்குமிடையில் அவர் தமது லுக்கானிய நினைவுகளை எழுதி முடித்தார். அதே 1944 பெப்ரவரியில் உரோமின் சிறையில் அவரது தோழர் லியோனே கின்ஸ்பேர்க் உயிர்நீத்தார். வெளியே கால்வைத்தாற் பிடிபடலாம் என்ற நிலையிலிருந்த ஒருவர், தாம் முன்னர் அடைபட்டிருந்த கிராமத்தை நினைந்து எழுதியதாலேயே அந்நூலில் ஒருவகை அமைதி குடிகொண்டது போலும்.

நாவலா, தன்வரலாறா, இனவரைவியலா, அரசியற் கட்டுரையா என வகைப்படுத்த முடியாத இந்நூல் 1947 இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் அரசியற் கருத்து பின்வருமாறு. பாசிச அரசு, தாராண்மை அரசு, வரப்போகும் சோசலிச அரசு ஆகிய எதுவாயினும், மேலிருந்து வரும் 'அரசு' என்பதே குடியானவனுக்கு அந்நியமானது. உறவினர் ஒருவரின் மரணத்தையொட்டிச் சில நாட்கள் தூரின் செல்ல அனுமதிக்கப்பட்டபோது, தெற்கைப் பற்றி அக்கறையுடன் பேசிய நண்பர்கள்கூட அரசைக் கொண்டே அதனைத் தீர்க்க எண்ணியதை லேவி கண்டார். கிராமங்களின் சுயாட்சியிலிருந்தே புதிய அரசு எழவேண்டுமென்பது அவரது முடிவு. உரோமின் பர்ரி அரசாங்கம் 1945 நவம்பரில் வீழ்ந்ததைக் களமாகக் கொண்டு 1950 இல் அவர் வெளியிட்ட 'கடிகாரம்' என்ற நூலில் இக்கருத்து மேலும் விரிகின்றது. அங்கு இத்தாலியர் அனைவரையும் அவர் இரண்டாகப் பிரிக்கின்றார். பொருள்களை ஆக்குவோர் அனைவரும் 'குடியானவர்'. அவர்களைச் சார்ந்து வாழும் அதிகாரிகளும் சிறு உத்தியோகத்தரும் 'லுயீஜிகள்'. அலியானோவின் ஊர்த்தலைவருக்கு நூலில் அவர் இட்ட லுயீஜி என்ற பெயரே இவ்வாறு ஒரு வர்க்கத்தின் பெயராயிற்று. கவர்ச்சியான பாகுபாடுதான். ஆயினும் கைத்தொழிலதிபரையும் கூலித் தொழிலாளியையும் ஒரே பக்கத்தில் நிறுத்தும் பாகுபாடு எவ்வளவு தூரம் பயன்படும் என்ற ஐயம் எழாமலில்லை.

1946 இல் அரசியல் நிர்ணய சபைக்கான தேர்தலில் லேவி லுக்கானியாவிலேயே போட்டியிட்டார். தோல்வியே கிடைத்தது. அதே யூன் 2 ஆம் நாள் நடந்த ஒப்பங்கோடலில் தென் மாகாணங்கள் பெரும்பான்மையாக முடியாட்சிக்கே வாக்களித்தன. குடியானவருக்காகப் பேசியவரைக் குடியானவர் தெரிவுசெய்யவில்லை என இதனை எளிதாகக் கூறிவிடலாம். ஆனால் அத்தேர்தற் பிரசாரத்தின்போதுதான் திரிக்காரிக்கோ என்ற ஊரைச் சேர்ந்த ரொக்கோ ஸ்கொத்தெல்லாரோ என்ற இளைஞரை லேவி சந்தித்தார். செருப்புத் தைப்பவரின் மகனான இக்கவிஞர் அவ்வாண்டிலேயே இருபத்துமூன்று வயதிற் தம்மூரின் நகரத் தலைவரானார். 1950 இற் பொய்க் குற்றச்சாட்டிற் சிறைவைக்கப்பட்டு விடுதலையானார். 1953 டிசம்பரில் முப்பது வயதில் இறந்தார். அவரது கவிதைகளைத் திரட்டி 1954 இல் வெளிவரச் செய்தவர் லேவி. தென்பகுதிக் குடியானவரின் வாழ்க்கை வரலாறுகளை அவரவர் வாய்மொழியிலேயே பதிவுசெய்யும் நூலொன்றை ஸ்கொத்தெல்லாரோ முற்றுப்பெறாது விட்டுச்சென்றார். லேவியின் நூல் வெளியிலிருந்து வந்தவர் கண்டது. இவருடையதோ உள்ளேயிருந்து எழுந்த குரல். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கே லேவியின் எல்லைகள் புலப்படும்.

இவ்வெல்லைகளைக் கடுமையாக விமர்சித்தவர் கொம்யூனிஸ்ட் கட்சியின் மாரியோ அலிகாத்தா. தென்பகுதிச் சிந்தனை எபோலியுடன் நின்றுவிட முடியாது என்ற தொனியில் 1954 இல் அவர் எழுதிய கட்டுரை, லேவி குடியானவரைக் காலமற்றவராக, வரலாற்றுக்குப் புறம்பானவராகச் சித்திரித்துவிட்டார் எனக் குற்றஞ்சாட்டியது. அவ்வேளையில் இக்குற்றச்சாட்டுக்கு வலுவிருந்தது. 1949 ஒக்டோபரிற் கலாபிரியாவின் மெலிசாவில் தரிசு நிலத்திற் புகுந்த குடியானவர்மீது பொலிசார் சுட்டதில் மூவர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் மத்தேரா மாகாணத்தின் மொந்தெஸ்காலியோசோவிலும் ஒருவர் பலியானார். நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் 1950 இல் வந்தமைக்கு இப்போராட்டங்களே காரணம். சங்கமாகத் திரண்டு செங்கொடியுடன் நிலத்திற் புகுந்த மக்களை விதியை நம்பிப் பொறுத்திருப்போராகக் கருதுவது எங்ஙனம்?

எனினும் அலிகாத்தாவின் தீர்ப்பு பாதியளவே ஏற்கத்தக்கது. லேவி எழுதியது சங்கங்கள் நசுக்கப்பட்டிருந்த 1935-36 காலத்தை. கொள்ளையர் கலகமும் குடிபெயர்வும் அந்நூலின் பக்கங்களில் இடையறாது வருகின்றன. அவை வரலாறன்றி வேறென்ன? குடியானவர் தம் வரலாற்றைத் தேதிகளாகவன்றிப் பழங்கதைகளாக நினைவுகொண்டனர் என்பதையே லேவி காலமின்மையாகக் கண்டார். இவ்விடத்திற் பிழை இல்லாமலில்லை. தம் வீட்டுவேலைகளைச் செய்த ஜூலியா என்ற பெண்ணை மந்திரக்காரியாகவும் விலங்கியல்புடைய தொன்மத் தெய்வமாகவும் அவர் வருணிக்கும் பகுதிகளிற் குடியானவப் பெண்ணைவிட ஓவியனின் கண்ணே மிகுதியாகத் தெரிகின்றது. ஏர்னெஸ்தோ டி மார்த்தினோ 1950 களில் லுக்கானியாவில் நிகழ்த்திய கள ஆய்வுகள் அதே மந்திர வழக்கங்களை வறுமையும் பாதுகாப்பின்மையும் நிறைந்த வாழ்வின் பின்னணியில் வைத்து விளக்கின. லேவி வியந்து நின்ற இடத்திலிருந்து அவ்வாய்வுகள் தொடங்கின எனலாம்.

விமர்சனங்களுக்குப் பின்னரும் லேவி தெற்கை விட்டகலவில்லை. சிசிலியைப் பற்றிய 'சொற்கள் கற்களே' என்ற நூல் 1955 இல் வெளிவந்து மறு ஆண்டில் வியாரெஜ்ஜோப் பரிசைப் பெற்றது. தொழிற்சங்கவாதியான சல்வத்தோரே கார்னெவாலே 1955 மே மாதத்தில் மாபியாக் கும்பலாற் கொல்லப்பட்டபின், அவரது தாய் பிரான்சிஸ்கா செரியோ அச்சமின்றிக் குற்றவாளிகளைப் பெயர்கூறிச் சாடியதை அந்நூல் பதிவுசெய்கின்றது. இங்குக் குடியானவப் பெண் தொன்மத் தெய்வமாகவன்றி, நீதிகேட்டுப் பேசும் ஒருத்தியாகவே தோன்றுகின்றாள். அலிகாத்தாவுக்கு லேவி அளித்த சிறந்த பதில் இதுவே போலும். 1961 இல் இத்தாலிய ஒருமைப்பாட்டின் நூற்றாண்டு விழாவுக்காகத் தூரினில் நடந்த கண்காட்சிக்கு அவர் வரைந்தளித்த, பதினெட்டு மீற்றருக்கும் அதிக நீளமான 'லுக்கானியா 61' என்ற ஓவியம் ஸ்கொத்தெல்லாரோவின் வாழ்வையும் மரணத்தையும் நடுப்பொருளாகக் கொண்டது. ஒருமைப்பாட்டின் பலனை அடையாதோரின் முகங்களையே அவ்விழாவில் அவர் வைத்தார்.

1963 இலும் 1968 இலும் கொம்யூனிஸ்ட் கட்சியின் பட்டியலிற் சுயேச்சையாக நின்று அவர் செனற் சபைக்குத் தெரிவானார். அக்காலத்தில் தென்னவர் அமெரிக்காவுக்கன்றி ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளுக்கும் லேவியின் சொந்த நகரான தூரினின் தொழிற்சாலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தனர். 1967 இற் புலம்பெயர் தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பங்களுக்குமான கூட்டமைப்பு உருவாவதில் முன்னின்றார். சட்டமன்ற உறுப்பினர் என்ற வகையில் அவரது சாதனை பெரிதென்று கூறுவதற்கில்லை. அவ்வமைப்பில் அவர் செய்த பணியே நிலைத்தது. 1973 இற் கண் நோயுற்றுப் பார்வை மங்கியிருந்தபோதும் கம்பிகள் பொருத்திய சட்டமொன்றின் உதவியால் வரிசை பிறழாமல் எழுதினார். அக்குறிப்புகள் 1979 இலேயே நூலாயின. 1975 யனவரி 4 இல் உரோமிற் காலமான அவரது உடல் அலியானோவில் அடக்கஞ் செய்யப்பட்டது. தடுத்து வைக்கப்பட்டிருந்த நாட்களில் அவர் போகக்கூடிய எல்லையாக இருந்த இடம் அந்த மயானமே. வெயில் தணிவதற்காக, புதிதாக வெட்டப்பட்டிருந்த குழியொன்றினுள் தாம் படுத்துக்கிடந்ததுமுண்டென அவர் எழுதியிருக்கின்றார்.

மத்தேரா நகரைப் பற்றி ஒரு சொல். வைத்தியராகிய தம் சகோதரி அலியானோவுக்கு வரும் வழியிற் கண்டதாக லேவி விவரித்த சாசிக் குகைவீடுகள் - கால்நடைகளுடன் ஒரே குகையில் வாழ்ந்த குடும்பங்கள், கண்நோயால் இமை வீங்கிய பிள்ளைகள், பணமன்றிக் குயினைன் தரும்படி பின்தொடர்ந்த சிறுவர் - போருக்குப் பின் தேசிய அவமானமாகப் பேசப்பட்டன. பிரதமர் டி காஸ்பெரி 1950 இல் அங்குச் சென்றார். 1952 இல் விசேட சட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ 15,000 பேர் படிப்படியாகப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். மலேரியாவும் டி.டி.ரி. தெளிப்பினால் அதற்கு முன்னரே ஒழியத் தொடங்கியிருந்தது. மேலிருந்து வந்த அரசே இவற்றைச் செய்தது என்பதை லேவியின் கோட்பாட்டுடன் வைத்து எண்ணிப் பார்க்கவேண்டும். மக்கள் அகன்றபின் பாழடைந்து கிடந்த அக்குகைகளை 1993 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. 2019 இல் மத்தேரா ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது. முன்னர் மனிதர் வாழத்தகாதவையெனக் காலிசெய்யப்பட்ட குகைகளுட் சில உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளாயுள்ளன. அவற்றுக்கு மேலே, இலன்பிராங்கி மாளிகையின் மண்டபத்தில், 'லுக்கானியா 61' காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றது.